மனோசக்தியின் சித்திர வரலாறு – 9: சுவரில் விழுந்த குழி

1910 செப்டம்பர். டோக்கியோவில் ஒரு செல்வந்தரின் வீட்டுக் கூடம். நாட்டின் பெரிய படிப்பாளிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி, குமாமோட்டோவிலிருந்து வரவழைக்கப்பட்ட 24 வயதுப் பெண் ஒருவர் தரையில் அமர்ந்திருக்கிறார். அவர் கையில் ஓர் ஈயக்குழாய். இரண்டு முனையும் அடைத்த குழாய்க்குள் ஒரு காகிதச் சுருள். அதில் மூன்று எழுத்துகள். குழாயைத் திறக்காமல் அவற்றைப் படித்துச் சொல்ல வேண்டும்.

பெண்ணின் பெயர் மிஃபுனே சிசுகோ. ஞானதிருஷ்டி உள்ளவர் என்று அன்றைய பத்திரிகைகள் கொண்டாடிக்கொண்டிருந்தன. ஹிப்னாடிசம் பழகிய அக்காள் கணவர்தான் சிசுகோவிடம் இந்தச் சக்தி இருப்பதாகச் சொல்லி அவரைப் பழக்கியவர். டோக்கியோவுக்கு அழைத்து வந்தவரோ ஃபுகுராய் தோமோகிச்சி. டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்தவர். ஹிப்னாடிசத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர். சோதிக்க வந்திருந்தவர்களில் முதன்மையானவர் யாமகாவா கென்ஜிரோ. இயற்பியல் அறிஞர்; அதே பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர்; லேசில் ஏமாறுகிற ஆள் இல்லை.

சிசுகோ மூன்று எழுத்துகளையும் சொன்னார். குழாயைத் திறந்து பார்த்தார்கள். சரியாகவே இருந்தது. ஆனால் தாம் தயாரித்துக் கொடுத்த குழாய்கள் எதிலும் அந்த எழுத்துகள் இல்லை என்றார் யாமகாவா. விசாரித்தபோது, பழகிப் பார்ப்பதற்காக ஃபுகுராய் முன்பே கொடுத்திருந்த குழாய் அது என்று தெரிந்தது. குழாய் எப்படி மாறியது என்பதற்கு ஒப்புக்கொள்ளும்படியான விளக்கம் கிடைக்கவில்லை. சில நாள் கழித்து நடந்த இன்னொரு சோதனையில் சிசுகோ வென்றதாகச் சொன்னார்கள், யார் கேட்டார்கள்? பாராட்டிய பத்திரிகைகளே தூற்ற ஆரம்பித்தன. 1911 ஜனவரியில் சிசுகோ நஞ்சருந்தி இறந்தார்.

ஃபுகுராய் அதற்குள் அடுத்த படிக்குப் போயிருந்தார். மாருகாமே ஊரில் ஒரு நீதிபதியின் மனைவி, நாகாவோ இகுகோ. இவரைச் சோதிக்கப் புகைப்படத் தகடுகளைப் பயன்படுத்தினார் ஃபுகுராய். மூடிய பெட்டிக்குள் இருந்த தகட்டைக் கழுவிப் பார்த்தால் அதில் எழுத்து வடிவங்கள் படிந்திருந்தன என்றார். மனம் நேராகத் தகட்டில் எழுதுகிறது என்றார். அதற்கு நென்ஷா என்று பெயரும் வைத்தார். யாமகாவாவின் குழு மாருகாமேவுக்கே போய் நடத்திய சோதனை, பெட்டிக்குள் தகடு இருந்ததா இல்லையா என்ற தகராறில் முடிந்தது. பிப்ரவரியில் இகுகோவும் நோய்வாய்ப்பட்டு இறந்தார். ஃபுகுராய் விடவில்லை. தாகாஹாஷி சதாகோ என்ற மூன்றாவது பெண்ணைக் கண்டுபிடித்தார், 1913ல் புத்தகம் போட்டார், 1915ல் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார். சதாகோ என்ற பெயர் எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதா? சுசுகி கோஜி 1991ல் எழுதிய 'ரிங்' நாவலிலும், 1998ல் அது படமானபோது தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளிருந்து தவழ்ந்து வந்த பெண்ணிலும் இந்தக் கதையெல்லாம் ஒளிந்திருக்கிறது.

மோசடியா, உண்மையா என்ற வழக்கை யாமகாவாவிடமே விட்டுவிடுவோம். நம் தொடருக்கு வேண்டியது வேறு. எண்ணத்துக்கு உருவம் கிடையாது. எப்படியாவது அதைப் படமாக்கிக் காட்டிவிட வேண்டும் என்று ஜப்பானில் ஒருவர் தவித்தார். அவர் ஓவியரே அல்ல, உளவியல் பேராசிரியர். அறுபது எழுபது ஆண்டுகள் கழித்து அந்தத் தவிப்பை ஓவியர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆய்வகத்தில் நிற்காதது காகிதத்தில் நின்றது.

சென்ற இரண்டு வாரங்களும் அமெரிக்காவில் இருந்தோம். பேராசிரியர் சேவியரின் நெற்றியிலிருந்து கோடுகள் கிளம்புவதையும், ஜீன் கிரே ஃபீனிக்ஸ் ஆவதையும் பார்த்தோம். அதற்கும் முந்தைய மாண்ட்ரேக்கை முத்து காமிக்ஸ் வாசகர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கை நீளும், விரல்கள் விரியும், அடுத்த கட்டத்தில் எதிராளியின் துப்பாக்கி பாம்பாகியிருக்கும். இவை எல்லாமே ஒரே வழி: சக்தி எங்கிருந்து புறப்படுகிறது என்று காட்டுவது. ஜப்பானியரும் முதலில் இதையேதான் செய்தார்கள்.

1967ல் ஹிராய் கசுமாசா எழுதி இஷினோமோரி ஷோதாரோ வரைந்த 'கென்மா தாய்சென்' வந்தது. அண்டத்தையே அழிக்க வரும் தீய சக்தி, அதை எதிர்க்கத் திரளும் எஸ்பர்கள். மனோசக்தி உள்ளவர்களை ஜப்பானில் எஸ்பர் என்றே சொல்வார்கள். இனி நாமும் அப்படியே சொல்லலாம். 1971ல் யோகோயாமா மிட்சுதெருவின் 'பேபல் 2' தொடங்கியது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் பூமியில் விழுந்த வேற்றுக்கிரகவாசி ஒருவன் கட்டியதே பாபேல் கோபுரம். அவனுடைய வாரிசு இன்றைய பள்ளி மாணவன். அவனுக்கு மூன்று காவலர்கள், கருஞ்சிறுத்தையும் ராட்சதப் பறவையும் கடலுக்குள்ளிருந்து எழும் இரும்பு மனிதனும். பாலைவனத்தில் மணற்புயல் மறைக்கும் கோபுரம் என்ற ஒன்றுக்காகவே இந்தக் கதையை நான் மன்னித்துவிடுவேன். யோகோயாமா ஒரு நல்ல விதியும் வைத்தார்: சக்தியை அளவுக்கு மீறிச் செலவழித்தால் உடம்பு தளர்ந்துபோகும். 1973ல் இது அனிமேஷன் தொடரானபோது மிசுகி இச்சிரோ பாடிய தலைப்புப் பாட்டு கோபுரம், மூன்று காவலர்கள் என்று கதையின் முன்னுரை முழுவதையும் சொல்லிவிடும். முதல் அத்தியாயத்தைத் தவறவிட்ட குழந்தைக்கும் ஒன்றும் குறையாது. மனோசக்திக்கும் பாட்டுக்கும் ஜப்பானில் நெருங்கிய உறவு ஏற்பட்டது இப்படித்தான், ஒன்றரை நிமிடத் தலைப்புப் பாட்டுகளின் வழியாக. அந்தப் பாட்டு இசைக்குழுவும் பித்தளை வாத்தியங்களுமாக ஒரு வீரநடை. மனம் என்பது எப்படி ஒலிக்கும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

பிறகு வந்தார் யூரி கெல்லர். இஸ்ரேல்காரர். மனோசக்தியால் கரண்டியை வளைப்பதாகச் சொன்னவர். 1973ல் அமெரிக்காவில் ஜானி கார்சன் நிகழ்ச்சியில் இவர் எதுவும் செய்ய முடியாமல் திணறியது உலகறிந்த கதை. கார்சனே பழைய மேஜிக்காரர். இன்னொரு மேஜிக்காரரான ஜேம்ஸ் ராண்டியிடம் யோசனை கேட்டுக்கொண்டு பொருள்களைத் தாமே ஏற்பாடு செய்து வைத்திருந்தார். ஜப்பானில் அப்படி ஒரு தடையும் இல்லை. 1974 மார்ச் மாதம் நிப்பான் டி.வி.யின் வியாழக்கிழமைச் சிறப்பு நிகழ்ச்சியில் கெல்லர் தோன்றினார். வீட்டிலுள்ள கரண்டிகளையும் ஓடாத கடிகாரங்களையும் டி.வி. பெட்டிக்கு முன்னால் எடுத்து வந்து வையுங்கள் என்று நேயர்களுக்குச் சொல்லப்பட்டது. நிலையத்துக்குத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. எங்கள் வீட்டுக் கரண்டி வளைந்தது, எங்கள் கடிகாரம் ஓடுகிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பூட்டிக் கிடந்த பழைய கடிகாரத்தைக் கையில் எடுத்துச் சூடு பறக்கத் தேய்த்தால் சற்று நேரம் ஓடும் என்பது கடிகாரக் கடைக்காரர் யாருக்கும் தெரியும். கடைக்காரரை யாரும் டி.வி.யில் கூப்பிடவில்லை.

அடுத்த சில வாரங்களில் நாடெங்கும் கரண்டி வளைக்கும் சிறுவர்கள் முளைத்தார்கள். மே மாதமே ஒரு வார இதழ் அவர்களில் ஒருவனைப் படமெடுத்து, கரண்டியை அவன் கையாலேயே வளைத்ததை அச்சிட்டுக் காட்டியது. ஊர் மறுபடியும் இரண்டு கட்சி. ஆனால் 1911ஐப் போல விஷயம் அடங்கிவிடவில்லை. எண்ணெய் நெருக்கடி, நோஸ்ட்ரடாமஸ் பற்றிய புத்தகம், ஜப்பானே கடலில் மூழ்குவதாக எழுதப்பட்ட நாவல் எல்லாம் சேர்ந்து 1973ஐயே உலக முடிவின் ஆண்டாக மாற்றி வைத்திருந்தன. அந்த மனநிலைக்குக் கரண்டி ஒரு ஆறுதல். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பொருள், எந்தக் குழந்தையும் முயன்று பார்க்கலாம்.

கரண்டி காமிக்ஸுக்குச் செய்த உதவி இதுதான்: எஸ்பரை அண்டவெளியிலிருந்து சமையலறைக்கு இறக்கியது. 1977ல் ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ 'எஸ்பர் மாமி' எழுத ஆரம்பித்தார். நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து பார்க்கும் டோரேமானைப் படைத்த அதே ஃபுஜியோ. ஓவியரான அப்பாவுக்கு மாடலாக உட்கார்ந்து கைச்செலவுக்குக் காசு வாங்கும் ஒரு சாதாரணப் பள்ளிக்கூடப் பெண் மாமி; அவள் சக்தியோ அரைகுறை. இடம் விட்டு இடம் பாய வேண்டுமானால் ஏதாவது ஒன்று அவளை நோக்கிப் பறந்து வர வேண்டும். அதற்காக அவளுடைய நண்பன் சின்ன மணிகளைச் சுடும் ஒரு புரூச் செய்து தருகிறான். இந்தப் புரூச் எனக்குப் பிடிக்கும். மாயத்துக்கும் ஒரு இயந்திரக் கோளாறு உண்டு என்று நம்பவைக்கிற எழுத்தாளன் கெட்டிக்காரன்.

கெல்லருக்கு ஒரு பின்கதையும் உண்டு. 1996ல் வந்த போக்கிமான் விளையாட்டில் கையில் கரண்டி பிடித்த ஒரு பிராணி இருக்கிறது. வெளியுலகில் அதன் பெயர் கடாப்ரா, ஜப்பானில் யுங்கெரா. பெயரும் கரண்டியும் தன்னைக் கிண்டல் செய்கின்றன என்று கெல்லர் 2000ல் நிண்டெண்டோ மீது வழக்குப் போட்டார். போக்கிமான் சீட்டாட்டத்தில் பல ஆண்டுகள் கடாப்ராவுக்குச் சீட்டு அச்சாகவில்லை. 2020 நவம்பரில் கெல்லரே மன்னிப்புக் கேட்டுத் தடையை விலக்கிக்கொண்டார். 2023ல் கடாப்ரா சீட்டு திரும்பி வந்தது. இரும்பை வளைத்ததாகச் சொன்னவரால் இருபது வருஷம் ஒரு காகிதச் சீட்டைத்தான் தடுக்க முடிந்தது.

இப்போது இந்த வார நாயகரிடம் வருவோம்.

ஓட்டோமோ கட்சுஹிரோ 1954ல் வடக்கே மியாகி மாகாணத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் டோக்கியோவுக்கு வந்தார். அமெரிக்கச் சினிமாப் பைத்தியம். பிரெஞ்சு ஓவியர் மோபியஸின் கோட்டில் மயங்கியவர். 1979ல் 'ஃபயர்பால்' என்று ஒரு எஸ்பர் கதை எழுதினார். பெரிதாகத் தொடங்கி, பக்கம் போதாமல் அவசரமாக முடிந்த கதை. அந்த அரைகுறையிலிருந்துதான் இரண்டு பெரிய படைப்புகள் பிறந்தன. முதலாவது 'டோமு', 1980–81ல் இதழில் வந்து 1983ல் புத்தகமானது. அந்த ஆண்டின் ஜப்பான் அறிவியல் புனைகதைப் பெரும்பரிசு அதற்குக் கிடைத்தது. அதற்கு முன் எந்த மாங்காவுக்கும் அந்தப் பரிசைக் கொடுத்ததில்லை.

கதை நடக்கும் இடம் ஒரு தாஞ்சி. நம் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளின் ராட்சத வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போருக்குப் பின் நகரங்கள் பிதுங்கியபோது ஜப்பான் அரசு எழுப்பிய அடுக்குமாடித் தொகுதிகள் இவை. டோக்கியோவின் தகாஷிமாதைராவில் 1972ல் குடியேற்றம் தொடங்கிய தாஞ்சியில் பத்தாயிரத்துக்கும் அதிகமான வீடுகள். அதன் மொட்டைமாடிகளிலிருந்து ஆட்கள் அடுத்தடுத்துக் குதித்து உயிரை விட்ட செய்தியும், ஓட்டோமோ டோக்கியோ வந்த புதிதில் வசித்த குடியிருப்பின் நினைவும் சேர்ந்துதான் 'டோமு'வாயிற்று.

கதையில் ஒரே குடியிருப்பில் மர்மச் சாவுகள் தொடர்கின்றன. போலீஸ் வருகிறது, குழம்புகிறது. செய்கிறவர் யார் என்பதை ஓட்டோமோ ரொம்ப நேரம் மறைப்பதில்லை. ச்சோ என்ற தனிக்கட்டைக் கிழவர். புத்தி குழந்தையாகிவிட்டது. ஆட்களை விழவைத்து, அவர்களுடைய பொருள்களைப் பொம்மைகளாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறார்; இறக்கை வைத்த ஒரு தொப்பி அவருக்குப் பிரியமானது. அப்போது எட்சுகோ என்ற சிறுமியின் குடும்பம் அங்கே குடிவருகிறது. கிழவர் மேல்மாடத்திலிருந்து ஒரு கைக்குழந்தையை விழவைக்க, குழந்தை பாதி வழியில் அந்தரத்தில் நின்றுவிடுகிறது. நிறுத்தியவள் எட்சுகோ. தாத்தாவைக் குறும்புக்காரப் பையனைப்போல அதட்டவும் செய்கிறாள். அதன்பின் நடப்பது ஒரு கிழவருக்கும் ஒரு சிறுமிக்கும் இடையிலான போர். எரிவாயு வெடித்துக் கட்டடங்களே பிளக்கின்றன.

அந்தப் போரின் நடுவில் வரும் ஒரு படத்தைப் பற்றித்தான் இந்த அத்தியாயமே. எட்சுகோவின் கோபம் கிழவரைச் சுவரோடு வைத்து அழுத்துகிறது. நெற்றியிலிருந்து கதிர் இல்லை. வளையம் இல்லை. கையசைப்பு இல்லை. கான்கிரீட் சுவர் வட்டமாக உள்வாங்கிக் குழிந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய உருண்டை வந்து மோதியதுபோல. குழியின் நடுவில் கிழவர். விளிம்பிலிருந்து விரிசல்கள் ஓடுகின்றன. அவ்வளவுதான். காற்றை யாரும் பார்த்ததில்லை. சாய்ந்து கிடக்கிற தென்னைகளைப் பார்த்துத்தான் புயலின் அளவைச் சொல்கிறோம். ஃபுகுராய் தகட்டில் தேடியதை ஓட்டோமோ சுவரில் வைத்துவிட்டார்.

இது ஒரு படத்தின் சாமர்த்தியம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தச் சுவரை நம்பவைக்க அவர் நூறு பக்கத்துக்கு மேல் உழைத்திருக்கிறார். ஒவ்வொரு பால்கனியின் கம்பி, உலரும் துணி, படிக்கட்டு, ஒரே மாதிரிக் கதவுகள், புள்ளிபோலத் தெரியும் மனிதர்கள் எல்லாம் அளவுகோல் வைத்துச் சலிக்காமல் வரையப்பட்டவை. முதலில் பார்க்கிறவருக்கு அலுப்புத் தட்டும். அந்த அலுப்பே முதலீடு. கான்கிரீட் கான்கிரீட்டாகக் கனத்தால்தான் அது குழியும்போது வயிற்றைப் பிசையும். அதற்கு முந்தைய எஸ்பர் கதைகளில் பின்னணி பெரும்பாலும் வெள்ளைக் காகிதம். வெள்ளைக் காகிதத்தில் எத்தனை மின்னல் வரைந்தாலும் எதுவும் உடைவதில்லை. இன்று எந்த அனிமேஷனை எடுத்தாலும் சண்டையில் யாராவது சுவரில் வட்டக்குழி விழ மோதுகிறார்கள். பாதிப் பேருக்கு அதன் பிறந்த இடம் தெரியாது.

கடைசிப் பக்கங்கள் இன்னும் அமைதியானவை. பூங்காவில் பகல் வெளிச்சம். கிழவர் பெஞ்சில். சிறுமி ஊஞ்சலில். சுற்றிலும் விளையாடும் பிள்ளைகள் ஒவ்வொருவராக அவரைத் திரும்பிப் பார்க்கிறார்கள். பெரியவர்கள் எதையும் கவனிக்கவில்லை. பெஞ்சில் ஒரு சாவு நிகழ்கிறது. என் கணக்கில் 'டோமு' 'அகிரா'வைவிட ஒரு படி மேல். அளவில் சின்னது, ஒரு வரி வீண் இல்லை.

'அகிரா' 1982 டிசம்பரில் 'யங் மேகசின்' இதழில் தொடங்கி 1990ல் முடிந்தது. ஆறு தொகுதிகள், இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல். டோக்கியோ அழிந்து எழுந்த புதுநகரம், மோட்டார் சைக்கிள் பையன்கள், அரசு மருந்து கொடுத்து வளர்த்து முகம் சுருங்கிப்போன எஸ்பர் குழந்தைகள். குழந்தைகளுக்குப் பெயரோடு எண்களும் உண்டு; அகிராவின் எண் 28. யோகோயாமாவின் பழைய ராட்சத ரோபோ 'டெட்சுஜின் 28'க்கு ஓட்டோமோ செய்த வணக்கம் அது. நாயகன் கானேதாவின் பெயரும் அங்கிருந்து எடுத்ததே. பேபல் கோபுரத்தைக் கட்டிய கைக்கு இப்படியும் ஒரு வாரிசு.

'அகிரா' படம் பற்றிப் பேசுமுன் 1983 மார்ச்சில் வந்த 'கென்மா தாய்சென்' படத்தைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். ரின்தாரோ இயக்கம், பாத்திர வடிவமைப்பு ஓட்டோமோ, இசைக்கு எமர்சன் லேக் அண்ட் பாமர் குழுவின் கீத் எமர்சன். இன்று பார்த்தால் இழுவை. கானதா யோஷினோரி அசையவைத்த தீ நாகத்துக்காகக் கடைசிப் பகுதியை மட்டும் பார்க்கலாம். எமர்சனின் கீபோர்டும் ஆளை அடித்துப்போடும் வகை. சக்தி என்றால் சத்தம் என்ற பழைய எண்ணத்தின் கடைசிப் பெரிய விழா அது. அனிமேஷன் எப்படிச் செய்யப்படுகிறது என்பதை ஓட்டோமோ உள்ளே இருந்து பார்த்தது அங்கேதான். அந்த லாபம் போதும்.

1988 ஜூலை 16ல் 'அகிரா' வெளியானது. இயக்கம் ஓட்டோமோவே. ஏறத்தாழ 1,60,000 செல்கள் வரையப்பட்டன. ஜப்பானிய வழக்கத்துக்கு மாறாக வசனத்தை முதலில் பதிவு செய்து, அதற்கேற்ப உதட்டசைவை வரைந்தார்கள். இசைக்கு அவர் தேடிப் போன குழுவைக் கேட்டால் இன்றும் ஆச்சரியமாக இருக்கும். கெய்னோ யாமாஷிரோகுமி, 1974ல் தொடங்கியது. உறுப்பினர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் இல்லை. மாணவர்கள், மருத்துவர்கள், பொறியாளர்கள், பத்திரிகையாளர்கள். நடத்தியவர் ஓஹாஷி ட்சுதோமு. இசைக்கு மட்டும் யாமாஷிரோ ஷோஜி என்று பெயர். மற்ற நேரத்தில் வேளாண் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற விஞ்ஞானி. பாலித் தீவின் ராமாயணக் கூத்தான கெச்சாக்கை, குரங்குப் படையின் அந்த வாய்த்தாளத்தை, ஜப்பானியரை வைத்தே நிகழ்த்திக் காட்டிப் பெயர் பெற்ற குழு இது. 1986ல் இவர்கள் வெளியிட்ட 'எகோஃபனி ரின்னே' இசைத்தட்டைக் கேட்டுத்தான் ஓட்டோமோ அவர்களை அணுகினார்.

பாலித் தீவின் கமெலான் வாத்தியங்களை ஜோடியாகச் செய்வார்கள். ஒன்றின் சுருதியை ஒரு இழை ஏற்றி, மற்றதை ஒரு இழை இறக்கி வைப்பார்கள். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் நாதம் அலையடிக்கும். சுருதி சுத்தம் பார்த்துப் பழகிய நம் காதுக்கு முதலில் பிசகாகவே படும். கொஞ்ச நேரத்தில் அந்தப் பிசகே உயிராகிவிடும். சிந்தசைசர் இந்த அலைக்கு ஒத்துவராது. ஆகவே அதன் சுருதி அட்டவணையையே யாமாஷிரோகுமியினர் திருத்தி எழுதினார்கள். 'அகிரா'வில் பைக் பந்தயக் காட்சிக்கு வருவது ஜெகோக். மேற்குப் பாலியில், ஆளைவிட உயரமான மூங்கில் குழாய்களை வரிசையாகக் கட்டித் தட்டும் வாத்தியம். அதன் மேல் வடஜப்பானின் நெபுதா திருவிழாக் கூவல். வேறு இடங்களில் நோ நாடகத்தின் அடித்தொண்டைக் குரலும், பௌத்த மடங்களில் ஓதும் ராகமும்.

மோட்டார் சைக்கிள் பையன்களில் ஒருவனான டெட்சுவோ மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் காட்சியைக் கவனியுங்கள். பொம்மைக் கரடியும் முயலும் விளையாட்டுக் காரும் அறைக்குள் வருகின்றன, வளர்கின்றன, வெள்ளையாகப் பால் கசிகின்றன. எஸ்பர் குழந்தைகள் அவனை மிரட்ட அனுப்பியவை. இந்த இடத்தில் எமர்சன் இருந்திருந்தால் இடி இறங்கியிருக்கும். யாமாஷிரோகுமி வைத்தது மனிதக் குரல்களை மட்டும். சின்னச் சின்ன அசைகள் இடமும் வலமுமாகத் துள்ளித் துள்ளி வருகின்றன, உங்கள் மண்டைக்குள்ளேயே யாரோ பேசுவதுபோல. உடைந்த கண்ணாடி டெட்சுவோவின் காலைக் கிழித்து ரத்தம் வந்ததும் பொம்மைகள் பயந்து கலைகின்றன. சுவரில் ஓட்டோமோ செய்ததைக் காதில் ஓஹாஷி செய்தார். படத்தின் தொடக்கத்தில் டோக்கியோவே அழியும் வெள்ளைக் கோளத்துக்கு வெடிச்சத்தம் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓஹாஷியின் கதை அங்கே முடியவில்லை. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். அதற்கு மேலுள்ள, காதுக்கு எட்டாத அதிர்வுகளும் மூளையின் செயல்பாட்டை மாற்றுகின்றன என்று அவரும் சகாக்களும் 2000ல் ஒரு நரம்பியல் ஆய்விதழில் எழுதினார்கள். சோதனைக்குப் பயன்படுத்தியது கமெலான் இசை. அளந்தது மூளை அலைகளையும் ரத்த ஓட்டத்தையும். வேறு ஆய்வாளர்கள் சிலர் செய்து பார்த்து அந்த விளைவு கிடைக்கவில்லை என்றார்கள், சர்ச்சை தீரவில்லை. 2009ல் 'அகிரா' புளூ-ரேயில் வந்தபோது, அந்த அதிர்வுகளும் விடுபடாதபடி ஒலித்தடத்தை 192 கிலோஹெர்ட்ஸில் பதித்தார்கள். புலனுக்கு எட்டாததை அளக்க ஆசைப்பட்ட இன்னொரு ஜப்பானிய விஞ்ஞானி. ஆனால் ஃபுகுராய்க்கு இல்லாத ஒரு வசதி இவருக்கு இருந்தது. ஆய்வு தோற்றாலும் இசை இருக்கும்.

'அகிரா'வின் வாரிசுகளைப் பட்டியல் போட்டால் பக்கம் போதாது. கான்யே வெஸ்ட் 2007ல் 'ஸ்ட்ராங்கர்' பாட்டின் வீடியோவில் டெட்சுவோவின் மருத்துவமனையைக் கொண்டுவந்தார். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் சிறுமி எலெவனுக்கு 'அகிரா' ஒரு மூலம் என்று அதன் படைப்பாளிகளே சொல்லியிருக்கிறார்கள். 2021ல் நார்வேயில் வந்த 'தி இன்னசென்ட்ஸ்' அடுக்குமாடிக் குடியிருப்பில் சக்தி பெறும் குழந்தைகளின் கதை. அது 'டோமு'வின் நேர்வாரிசு.

இருட்டான வாரிசும் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் போனால் இது வரலாறு ஆகாது. 1980களின் நடுவில் அசஹாரா ஷோகோ என்ற யோகா ஆசிரியர், தாம் சம்மணமிட்டபடி அந்தரத்தில் மிதக்கும் படத்தை மறைஞான இதழ்களில் வெளியிட்டார். 1986ல் அவர் போட்ட புத்தகமே மனோசக்தியை வளர்ப்பதற்கான ரகசிய வழி பற்றியது. ஓம் ஷின்ரிக்யோ என்ற அமைப்பாக அது வளர்ந்தது. அறிவியல் பட்டதாரிகள் பலர் சேர்ந்தார்கள். தலைவர் பறப்பதையும் சுவரை ஊடுருவுவதையும் காட்டும் மாங்காவும் அனிமேஷனும் அவர்களே தயாரித்தார்கள், பாட்டுகளும் போட்டார்கள். 1995 மார்ச் 20ல் அந்த அமைப்பினர் டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் வாயுவைக் கசியவிட்டார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். காமிக்ஸ்தான் காரணம் என்று அப்போது சிலர் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஓட்டோமோவின் கதைகளில் சக்தி கிடைத்தவன் உடம்பு வெடித்துச் சாகிறான், அல்லது பெஞ்சில் பொம்மைத் தொப்பியோடு அழிகிறான். அசஹாராவின் அனிமேஷனில் எந்தச் சுவரும் குழிவதில்லை, தலைவர் நோகாமல் ஊடுருவிப் போய்விடுகிறார். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. என்றாலும், கரண்டி வளைப்பையும் ஆவி உலகையும் காட்டிக் காசு பார்த்த தொலைக்காட்சிகள் அதன்பின் சில ஆண்டுகள் அடக்கி வாசித்தன.

சிரித்துக்கொண்டே இந்த வரலாற்றைத் திரும்பிப் பார்த்தவர் ஒன் என்ற புனைபெயரில் எழுதுகிறவர். 2012ல் இணைய மாங்காவாகத் தொடங்கிய அவருடைய 'மாப் சைக்கோ 100' 2016ல் அனிமேஷனானது. உண்மையான சக்தி உள்ளவன் மாப் என்ற கூச்ச சுபாவப் பள்ளி மாணவன். அவனுடைய குருவாகக் கடை விரித்திருப்பவர் ரெய்கென், துளிச் சக்தியும் இல்லாத புளுகர். பேய் ஓட்டுகிறேன் என்று வந்தவருக்குத் தோள் பிடித்துவிட்டுக் காசு வாங்குகிறவர். ஆனால், சக்தியைப் பிறர் மேல் பிரயோகிக்காதே என்று பையனுக்குச் சொல்லிக்கொடுப்பவரும் அவரே. நூறாண்டுகளாக ஜப்பானில் எஸ்பர் பக்கத்திலேயே நிழலாக நின்ற போலி ஆசாமிக்குக் கடைசியில் ஒரு நல்ல வேடம் கிடைத்துவிட்டது. தலைப்புப் பாட்டுக்கு '99' என்று பெயர். மாப் உணர்ச்சிவசப்பட்டு வெடிக்கும் நூறை நோக்கி எண்ணிக்கொண்டே போகும். சாதோ மியோ கண்ணாடியில் எண்ணெய் வண்ணம் தீட்டித் தீட்டி அசையவைத்த பகுதிகளை முடிவுப் பாட்டில் பார்க்கலாம், தவறவிடாதீர்கள்.

இந்த வாரம் ஒரே ஒரு வேண்டுகோள். 'அகிரா'வை எப்படியும் பார்த்திருப்பீர்கள்; பார்க்காதவர்கள் நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாருங்கள். அதற்கு முன் 'டோமு'வை எங்கே கிடைத்தாலும் தேடிப் படியுங்கள். படிக்கும்போது அந்தச் சுவர்ப் பக்கத்துக்கு வேகமாகப் போய்விடாமல், அலுப்பூட்டும் பால்கனிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போங்கள். அடுத்த வாரம், ஓட்டோமோவுக்கு முன்பே 1977ல் தாகெமியா கெய்கோ எழுதிய 'தெராவை நோக்கி'. மனம் படிக்கத் தெரிந்ததற்காகவே வேட்டையாடப்பட்ட ஓர் இனத்தின் கதை.

(தொடரும்)